கோழிக்கூட்டுக்கு மோட்டார் கதவு: எவருக்கு லாபம்?

சிறுவிடைக் கோழி பத்து வளர்க்கும் வீடானாலும் சரி, ஐம்பது வளர்க்கும் வீடானாலும் சரி, அந்தி சாயும் நேரத்தில் வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இருட்டத் தொடங்கினால் கோழிகள் தாமாகவே கூட்டுக்கு வந்து அடைந்துவிடும். ஆனால் கதவைத் தாமாகச் சாத்திக்கொள்ள அவற்றால் ஆகாது. அந்தப் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. களையெடுப்புக்குப் போனவர் பேருந்து தவறித் தாமதமாக வந்தாலும், சொசைட்டியில் பால் ஊற்றும் வரிசை நீண்டுவிட்டாலும், வெளியூர்க் கல்யாணத்தில் ஒரு வேளை கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும், மனம் கோழிக்கூட்டுக் கதவையே சுற்றிக்கொண்டிருக்கும். காலையிலும் இதே பாடுதான். மல்லிகை பறிக்க விடியுமுன் புறப்படும் வீடுகளில், ஆள் திரும்பி வரும்வரை கோழிகள் அடைபட்டே கிடக்கின்றன.

கதவு ஒரு நாள் திறந்து கிடந்தால் நேரும் நஷ்டம் ஒரு கோழியோடு முடிவதில்லை. நாயோ மரநாயோ காட்டுப்பூனையோ கூட்டுக்குள் புகுந்தால், தின்பதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. தப்பிக்க வழியில்லாமல் படபடக்கும் கோழிகளையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். உயிர் பிழைத்தவையும் மிரட்சியில் சில நாட்களுக்கு முட்டையிடாமல் நின்றுவிடுவதுண்டு. நாட்டுக்கோழிப் பெட்டை முட்டைக்கு வர ஆறு மாதம் ஆகிறது. ஆகவே ஓர் இரவில் போவது அரை வருஷத்து உழைப்பு. குழந்தையின் பள்ளிச் செலவுக்கும் திடீர் வைத்தியச் செலவுக்கும் எடுத்துக் கொடுக்கும் கைமுதல் அது.

இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாக, குறித்த நேரத்தில் தானாகத் திறந்து தானாக மூடும் மோட்டார் கதவு வந்திருக்கிறது. கோழி அடைக்க ஒரு மோட்டாரா என்று பெரியவர்கள் சிரிக்கலாம். கிணற்றில் கமலை இறைத்த காலத்தில் பம்புசெட்டைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. மோட்டார் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே பெரிய கேள்வியல்ல. எந்த வகையான மோட்டார், எப்படிப்பட்ட கட்டுப்பாடு, எத்தனை கோழி உள்ள வீட்டுக்கு என்பதையே யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக்கென்று செய்த சாமானை அப்படியே வாங்கி மாட்டினால் பணம்தான் விரயமாகும்.

தண்டு மோட்டார்

இதற்கு ஏற்றது ‘ஆக்சுவேட்டர்’ என்று கடைகளில் கேட்டு வாங்கும் தண்டு மோட்டார். மருத்துவமனைக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும், முன்பு பெரிய டிஷ் ஆன்டெனாக்களைத் திருப்பியதும் இதே சாதனம்தான். ஒரு குழாய்க்குள் திருகு மரை இருக்கும். 12 வோல்ட் மோட்டார் அந்த மரையைச் சுற்றும்போது குழாயிலிருந்து ஒரு தண்டு மெல்ல வெளியே நீளும். பிளஸ், மைனஸ் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் தண்டு உள்ளே திரும்பிவிடும். இரு முனைகளிலும் எல்லைச் சுவிட்சு உள்ளேயே இருப்பதால், முழுதும் நீண்டதும் முழுதும் உள்ளே போனதும் மின்சாரம் தானாக நின்றுவிடும்.

கயிற்றைச் சுற்றி இழுக்கும் சிறு மோட்டாரைவிட இது மேலானது. கயிறு நைந்து போகும், உருளையில் சிக்கும், எலி கடிக்கும். தண்டு மோட்டாரில் அந்த வம்பு இல்லை. மின்சாரம் இல்லாதபோதும், திருகு மரை தன் பிடியை விடாது. நின்ற இடத்திலேயே தண்டு நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டே முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் ஓடும் வேலைக்கு இது தாராளமாக உழைக்கும்.

ஆனால் இதன் பலமே இதன் ஆபத்தும் ஆகும். சிறிய தண்டு மோட்டார்கூட இருபது, முப்பது கிலோ எடையைத் தள்ளக்கூடியது. கதவை அதன் முனையில் நேராகத் திருகிவிட்டால், வாசலில் தயங்கி நிற்கும் குஞ்சை அது நசுக்கிவிடும். கடையில் விற்கும் பல பொருத்துச் சாமான்கள் நேராகத் திருகும்படியே இருக்கின்றன. அதை அப்படியே மாட்டுவது தவறு. மோட்டார் கதவைத் தூக்கினால் போதும். இறங்குவது கதவின் சொந்த எடையால் இறங்கட்டும். தண்டைக் கதவுக்கு முன்புறம் நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தி, ஒரு சாண் நீளச் சங்கிலியால் கதவின் மேல்விளிம்போடு இணைத்தால் இது கைகூடும். கதவுக்கடியில் குஞ்சு அகப்பட்டாலும், தண்டு தன்பாட்டில் இறங்கிப் போகும், சங்கிலி தொய்ந்துவிடும். குஞ்சின் மேல் கதவின் எடை மட்டுமே விழும். கதவு ஒரு கிலோவுக்கு மேல் கனக்காத தகடாகவோ பிளைவுட்டாகவோ இருப்பது நல்லது. மழையில் உப்பிக்கொள்ளும் பலகை பள்ளத்தில் இறுகிவிடும்.

லேசான கதவு என்றால் பூனையும் மரநாயும் நகத்தை விட்டு நிமிர்த்திவிடாதா என்று கேட்கலாம். நிமிர்த்திவிடும். அதற்குத் தச்சரிடம்தான் வழி இருக்கிறது, மோட்டாரில் இல்லை. வாசலின் கீழ்ப்படியைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்த்திவிட்டு, கதவு அந்தப் படிக்கு உட்புறமாக இறங்கும்படி சட்டம் அடிக்க வேண்டும். அப்போது கதவின் கீழ்விளிம்பு வெளியிலிருந்து தெரியவே தெரியாது. நகம் நுழைக்க இடம் இல்லை. கதவு இறங்கும் இடத்தில் கூளமும் எச்சமும் சேராமல் தினமும் ஒரு முறை தள்ளிவிட வேண்டும். கீழே பள்ளம் வெட்டி அதில் கதவைப் பொருத்தும் வழக்கம் கோழிக்கூட்டுக்கு ஆகாது. இரண்டே நாளில் பள்ளம் எச்சத்தால் நிறைந்து கதவு முழுதும் இறங்காமல் நிற்கும்.

ஓர் அடி உயர வாசலுக்கு, வாசலுக்கு மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் தேவைப்படும். தாழ்வான குடாப்புகளில் அந்த இடம் இருக்காது. அப்படிப்பட்ட கூட்டில், கூரைக்கு மேலே ஒரு கம்பத்தை நீட்டி அதில் மோட்டாரைத் தொங்கவிட்டு, மேலே ஒரு தகரத் தொப்பியும் போட்டுவிடலாம். மோட்டார் மேலும் தண்டு கீழுமாகத் தொங்கினால் மழைநீர் உள்ளே இறங்காது. கோழிக்கூட்டுத் தூசியும் எட்டாது.

வெளிச்சக் கண்ணா, கடிகாரமா?

வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்தக் கதவுகளில் பெரும்பாலானவை வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்பவை. வெளிச்சம் குறைந்தால் மூடும், விடிந்தால் திறக்கும். கேட்பதற்கு இது மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் அந்த ஏற்பாடு எந்த ஊருக்காகப் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். லண்டன் மாநகரில் டிசம்பர் மாதம் மாலை 4 மணி ஆகுமுன்பே சூரியன் மறைந்துவிடும்; ஜூன் மாதத்தில் இரவு 9.20 வரை மறையாது. இடையே ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே கடிகாரத்தை நம்பினால் வாரத்துக்கு ஒரு முறை முள்ளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகையால் அவர்கள் வெளிச்சக் கண்ணை நாடினார்கள்.

தமிழ்நாட்டில் அந்த அவசியம் இல்லை. சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் மாலை 5.40-ஐ ஒட்டி மறைகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6.40-ஐ ஒட்டி மறைகிறது. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு மணி நேரம். கோவைப் பக்கத்தில் இதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தும், அவ்வளவே. சூரியன் மறைந்து அரை மணிக்குள் நம் ஊரில் நன்றாக இருட்டிவிடும். ஆகவே கார்த்திகையில் 6.15-க்கும், ஆனி ஆடியில் 7.10-க்கும் மூடும்படி ஒரு சாதாரண டைமரில் குறித்து, இடைப்பட்ட மாதங்களில் இரண்டு முறை மாற்றிக்கொண்டால் போதும். வருஷத்துக்கு நாலே முறை. கோழிகளின் ஒழுங்கைக் கவனித்து, எல்லாம் அடைந்த பின் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்வது உத்தமம்.

வெளிச்சக் கண்ணுக்கு இங்கே வேறு இடைஞ்சல்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே வானம் கறுத்துவிடும் நாட்கள் இருக்கின்றன. மேய்ச்சலில் இருக்கும் கோழிகள் மழைக்கு ஓடி வருமுன் கதவு சாத்திக்கொண்டால், அவை வாசலில் நின்று நனைய வேண்டியதுதான். கண்ணை நுட்பமாகச் சரிசெய்தால் மேகத்தைச் சமாளிக்கலாம் என்பது மெய். தெருவிளக்கை எப்படிச் சமாளிப்பது? கூட்டுக்கெதிரே விளக்குக் கம்பமோ வாசல் பல்போ எரிந்தால், அந்தக் கண்ணுக்கு இரவே வராது. கடிகாரத்துக்கு மேகமும் தெரியாது, விளக்கும் தெரியாது. சிறு விவசாயிக்கு அதுவே அனுகூலம்.

மின்சாரம் எவ்வளவு?

வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைக் கோழிக்கூடு வரை இழுப்பது கூடவே கூடாது. ஈரமும் கம்பி வலையும் எலியும் சேர்ந்த இடம் அது. ஷாக்கில் போவது கோழியாக மட்டும் இருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி உள்ள சிறிய மூடிய பாட்டரி ஒன்று போதும். மோட்டார் ஓடும்போது சுமார் 3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு ஒரு நிமிடமே ஓடுவதால் ஆகும் செலவு 0.05 ஆம்பியர்-மணி. அந்தக் கணக்கில் பாட்டரி நூறு நாளைத் தாண்டும்.

உண்மையில் பாட்டரியைக் காலி செய்வது மோட்டார் அல்ல, ரிலே. டைமர் சொல்கிறபடி பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுக்க எட்டுக் கால் ரிலே ஒன்று தேவைப்படுகிறது. அது பிடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சுமார் 75 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 0.9 ஆம்பியர்-மணி, மோட்டாரின் செலவைப்போல் பதினெட்டு மடங்கு! வெல்டிங் பட்டறையிலும் ரேடியோக் கடையிலும் மாட்டித் தருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரு வாரத்தில் பாட்டரி படுத்துவிட்டது என்று விவசாயி வந்து நிற்கும்போது மோட்டாரைக் குறை சொல்கிறார்கள். ரிலே பிடித்திருக்கும்போது கதவு திறந்திருக்கும்படியும், விட்டால் மூடும்படியும் இணைப்புக் கொடுத்துவிட்டால், அந்தச் செலவு முழுதும் பகலில் விழும். 10 வாட் சூரியத் தகடு ஒன்றும், பாட்டரிக்கு மிகையாக ஏறாமல் தடுக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வைத்தால், பகல் செலவைப் பகல் வெயிலே ஈடு செய்துவிடும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. டைமர் பழுதானாலோ ரிலேயின் கம்பி அறுந்தாலோ கதவு மூடிக்கொள்ளுமே தவிரத் திறந்துகொள்ளாது. பகலில் கோழி வெளியே நிற்பது தொல்லைதான். இரவில் கூடு திறந்து கிடப்பதைவிட அது பெரிதல்ல.

பாட்டரிக்குப் பக்கத்தில் 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று அவசியம். கம்பிகள் பி.வி.சி. குழாய்க்குள் போக வேண்டும். டைமர் வாங்கும்போது, மின்சாரம் நின்றாலும் நேரத்தை மறக்காத உள் பாட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். முற்பகல், பிற்பகல் மாற்றிக் குறித்துவிட்டுக் கதவு வேலை செய்யவில்லை என்று திகைப்பவர்களும் உண்டு.

எவருக்கு வேண்டும், எவருக்கு வேண்டாம்

மோட்டார், டைமர், ரிலே, பாட்டரி, சூரியத் தகடு எல்லாம் சேர்ந்தால், வளர்ந்த கோழி பத்துப் பன்னிரண்டை விற்றுக் கிடைக்கும் பணம் ஆகிவிடும். ஆகவே ஐந்தாறு கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கும் வீட்டுக்கு இது வீண் செலவு. எந்நேரமும் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கும் அவசரமில்லை. முப்பது கோழிக்கு மேல் வைத்துக்கொண்டு, மாலையில் ஆள் இருப்பது நிச்சயமில்லாத வீட்டுக்கு இது தகும். கூடு தோட்டத்திலும் வீடு ஊருக்குள்ளும் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னும் தகும். இருட்டில் வரப்பில் பாம்புக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு போகும் நடை மிச்சம்.

கூடே ஓட்டையாக இருக்கும்போது கதவுக்கு மோட்டார் வைப்பது, வேலியில்லாத கொல்லைக்குப் பூட்டுப் போடுவதைப் போன்றது. முதல் செலவு அரை அங்குலக் கண் உள்ள வலைக்கும், பெருச்சாளி தோண்டாதபடி அடிச்சுவருக்கும் ஆக வேண்டும். அதற்குப் பணம் போதாவிட்டால் மோட்டாரைத் தள்ளிப் போடலாம். வலையைத் தள்ளிப் போடக்கூடாது.

கீரிக்கு இந்தக் கதவு தடையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கீரி பகலில் வேட்டையாடுவது. பருந்தும் காக்கையும் அப்படியே. குஞ்சுகளைத் தூக்கிப் போவதில் பெரும்பகுதி பகல் திருட்டு என்பதால், மோட்டார் கதவு வைத்த பின்னும் குஞ்சு குறைகிறது என்றால் கதவின் மேல் குற்றமில்லை. குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் வரை வலை போட்ட தனி இடம் தேவை. இந்த விலங்குகளுக்கு விஷம் வைப்பதோ கண்ணி வைப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வைத்த விஷத்தைத் தின்று சாவது பல சமயம் வீட்டு நாயே.

கதவு எண்ணிப் பார்க்காது என்பதுதான் முக்கியமான குறை. முப்பதில் ஒன்று முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாலும், வேலியோரம் அடையில் படுத்திருந்தாலும், அது தன் நேரத்துக்கு மூடிவிடும். வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் ஒரு முறை டார்ச் அடித்து எண்ணும் வழக்கத்தை விடாதவர்கள்தான் இந்தக் கதவை வைத்துக்கொள்ளலாம். கதவு இருக்கிறதே என்று எண்ணுவதை நிறுத்திவிடும் வீட்டில், கழிச்சல் கண்ட கோழியும் மூலையில் குறுகி நிற்கும் கோழியும் மறுநாள் செத்துக் கிடக்கும்போதுதான் தெரியவரும்.

அரசின் புறக்கடைக் கோழித் திட்டங்களில் குஞ்சுகளோடு இரவுக் கூண்டுக்கும் தொகை சேர்த்துக் கொடுத்த வழக்கம் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் கூண்டு என்றால் நான்கு பக்கம் வலை என்பதோடு நின்றுவிடுகிறது. வாசல் எந்த அளவில், எந்தப் பக்கம் நகரும் என்பதை எவரும் கேட்பதில்லை. வாசலுக்கு ஓர் அளவும், உட்புறம் இறங்கும் கதவும், உயர்த்திய கீழ்ப்படியும் திட்ட வரைபடத்திலேயே இருந்தால், கூடுதல் செலவு அநேகமாக இல்லை. பிற்காலத்தில் மோட்டார் வைக்க விரும்புகிறவர் கூண்டைப் பிரிக்காமலே வைத்துக்கொள்ளலாம். வைக்காதவருக்கும் பத்திரமான கதவு மிஞ்சும். வேளாண் அறிவியல் நிலையங்களின் கோழி வளர்ப்புப் பயிற்சியில் தீவனத்துக்கும் தடுப்பூசிக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு மணி நேரத்தை இந்த இணைப்புவேலைக்கு ஒதுக்கினால், பயிற்சிக்கு வரும் பெண்களே செய்துகொள்வார்கள். ஆறு கம்பி இணைப்பு. தையல் மெஷினுக்கு நூல் கோப்பதைவிடச் சிரமமானதல்ல. வீட்டில் ஆண் வந்துதான் டைமரைத் திருப்ப வேண்டும் என்றால், மாலையில் அவருக்காகக் காத்திருக்கும் பழைய கட்டு இன்னொரு வடிவத்தில் தொடரும்.

புதிதாக மாட்டியவர்கள் உடனே நம்பிவிடக்கூடாது. முதல் மூன்று நாள் கதவைத் திறந்தபடியே வைத்து, கோழிகள் புதுச் சட்டத்தைக் கண்டு மிரளாமல் பழகவிட வேண்டும். மாலையில் கூட்டுக்குள் ஒரு கைப்பிடி கம்பு தூவினால் விரைவில் அடையும். அதன்பின் ஒரு வாரம், மூடும் நேரத்தில் எட்ட நின்று கவனிக்க வேண்டும். மரத்தில் அடையும் பழக்கமுள்ள கோழிகளை இரவில் பிடித்துக் கூட்டில் விட்டுப் பழக்கிய பிறகே டைமரை ஓட விடலாம்.

காலையில் திறக்கும் நேரத்தைப் பற்றி விவசாயிகளிடையே இரண்டு கருத்து இருக்கிறது. கோழி பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுவதால், எட்டு மணிக்கு மேல் திறந்தால் பல முட்டைகள் கூட்டிலேயே கிடைக்கும். வேலிக்குள் தேட வேண்டியதில்லை. சீக்கிரம் திறந்தால் ஈரத்தில் வெளிப்படும் கரையானும் புழுவும் கிடைக்கும், தீவனம் மிச்சமாகும். முட்டைக்கு வளர்ப்பவர் எட்டு மணியையும், கறிக்கு வளர்ப்பவர் ஆறரை மணியையும் வைத்துக்கொள்வது பொருத்தம். சித்திரை, வைகாசி வெயிலில் இருவருமே ஆறு மணிக்குத் திறந்துவிட வேண்டும்.

சங்கிலியைக் கதவோடு திருகி மூடிவிடாமல் கொக்கியில் மாட்டி வைக்க வேண்டும். பாட்டரி இறங்கிய நாளில் கொக்கியைக் கழற்றினால் கதவு கைக்கு வந்துவிடும். கொக்கி எங்கே இருக்கிறது என்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.